தூர்வாரும் முன் ஒரு வார்த்தை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தாருக்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கும்,

கோடையில் தண்ணீர் வற்றியதும் நம் கண்மாய்களில் மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கும். மீன் குத்தகைக்காரர் கடைசி வலையை இழுத்து முடிப்பார். கருவேல மரம் ஏலம் போயிருந்தால் விறகு லாரி வந்து நிற்கும். அப்புறம் வண்டல் அள்ள ஜேசிபி இறங்கும். இந்த மூன்றிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் இந்த மடலை வேறு எந்த அலுவலகத்துக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கண்மாய்க்குள் வளரும் செடிகொடிகளில் ஒரு பங்கை, தெரிந்தே, திட்டமிட்டே விட்டுவையுங்கள். நாரையும் தாராவும் வருவது தண்ணீரை மட்டும் பார்த்து அல்ல. அந்தத் தண்ணீரில் என்ன முளைத்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவை தங்குவதா, கடந்து போவதா என்று முடிவு செய்கின்றன.

மேற்கே மலைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் வந்தது. 2021இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் ஒரு மருத மரத்தின் கிளையை ஒடித்தாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் அந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து சேர்கிற இடம் எது? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம், ராஜபாளையத்துப் பிரண்டைகுளம், கடம்பன்குளம், கொண்டநேரி என்று அடிவாரம் நெடுகக் கிடக்கும் கண்மாய்கள்தான். அங்கே நிற்கும் சம்புக்கும் அல்லிக்கும் கேட்பாரில்லை. விருதுநகர் மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூடக் கிடையாது.

சட்டத்தின் கையும் இங்கே நீளவில்லை. ஈரநிலங்களைப் பாதுகாக்க மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டில் இன்று சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பல, நம் முன்னோர் கட்டியது போன்ற பாசன ஏரிகளும் கண்மாய்களும்தான். கூந்தன்குளம், வடுவூர், கரைவெட்டி, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் எல்லாமே அப்படித்தான். தனியாக அறிவிப்பு வந்ததால் அவற்றுக்குக் காவல் கிடைத்தது. அறிவிப்பு வராத நம் கண்மாய்களுக்கு நீங்கள்தான் காவல்.

பறவைகள் சரணாலயம் என்றதும் எல்லோர் மனதிலும் மரத்தில் கூடு கட்டிய நாரைக் கூட்டம்தான் வரும். மரத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் தரையையும் தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் அழிகிறது.

கரையில் நின்று கண்மாய் உள்வாயைப் பார்த்தால் செடிகள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். தண்ணீர் எட்டியும் எட்டாமலும் இருக்கும் மேட்டில் அறுகும் பொடுதலையும் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் படர்ந்திருக்கும். கணுக்கால் ஆழச் சேற்றில் கோரையும் நீர்முள்ளியும் ஆரைக்கீரையும். முழங்காலுக்கு மேல் சம்பு. அதைத் தாண்டி அல்லி, தாமரை, கொட்டி. அதற்கும் அப்பால் மேலே எதுவும் தெரியாது. தண்ணீருக்கு அடியில் வேலம்பாசி தழைத்துக் கிடக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பறவைக் கூட்டம் உண்டு. மேட்டுப் புல்லில் உள்ளானும் ஆட்காட்டியும் மேயும். கோரைக்குள் மடையான் அசையாமல் நிற்கும். சம்புக் காட்டில் நீலத் தாழைக்கோழி குடும்பம் நடத்தும். சம்பின் குருத்தையும் கோரைக்கிழங்கையும் காலால் பிடித்துக் கடித்துத் தின்னும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற தாராக்களுக்கு இந்த நீர்ச்செடிகளின் விதையும் தளிரும்தான் பெரும்பாலும் இரை. முக்குளிப்பான் அழுகிய பாசியையும் தண்டையும் குவித்து மிதக்கும் கூடு கட்டி, தண்ணீர் இழுத்துப் போகாதபடி அதை நிற்கிற செடியோடு பிணைத்து வைக்கும். செடி இல்லாத வெறும் தண்ணீரில் அது எதில் கட்டும்?

நீளவால் இலைக்கோழியை ஒருமுறையாவது நின்று பாருங்கள். அல்லி படர்ந்த கண்மாயில் மழைக்காலத்தில் அது இருக்க வாய்ப்பு உண்டு. உடம்பு சின்னது, கால்விரல்கள் மட்டும் நம்ப முடியாத நீளம். அந்த விரல்களை விரித்து வைத்துத்தான் அல்லி இலைமேல் அமிழாமல் நடக்கிறது. அடி வைக்கும்போது இலையின் ஓரம் லேசாகத் தண்ணீருக்குள் போகும், அதற்குள் அடுத்த இலைக்குத் தாவிவிடும். இலையைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் நத்தையையும் பூச்சியையும் கொத்தும். முட்டையிடுவதும் அந்த மிதக்கும் இலைகளின் மேல்தான். கூடு என்று சொல்ல ஏதோ நாலு தண்டு இருக்கும், அவ்வளவே. முட்டையிட்டதும் பெட்டை வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை அணைத்துக் காப்பதும் சேவலின் வேலை. தண்ணீர் ஏறினால் முட்டைகளை ஒவ்வொன்றாக வேறு இலைக்கு நகர்த்தும். இந்தப் பறவையின் வாழ்வு முழுவதும் இலைமேல்தான். வலை வீசத் தோதாக இருக்கட்டும் என்று அல்லியை மொத்தமாக அறுத்து எறிந்தால், அந்தக் கண்மாயில் இலைக்கோழி என்ற பேச்சே இல்லாமல் போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அல்லியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருப்பாவையின் பதினான்காம் பாசுரத்தில் பொழுது விடிந்ததற்கு ஆண்டாள் காட்டும் அடையாளமே, வீட்டுப் பின்புறத்துக் குளத்தில் செங்கழுநீர் மலர்ந்து ஆம்பல் கூம்பியதுதான். வெள்ளை ஆம்பல் இரவில் விரிந்து வெயில் ஏறக் கூம்புவதை இன்றும் காலையில் கரையில் நின்றால் காணலாம். மார்கழி முழுவதும் நாம் பாடுகிற பூ, நம் ஊர்த் தண்ணீரில் எத்தனை இடத்தில் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு கண்மாய்க்காரரும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இனி வண்டலுக்கு வருகிறேன். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது அங்கே உயிர் எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த மேல் மண்ணில்தான் அடுத்த வருடத்துக் கண்மாய் முழுவதும் இருக்கிறது. அல்லிக்குக் கிழங்கு, கொட்டிக்குக் கிழங்கு, கோரைக்கு முத்துக்கிழங்கு. ஆரைக்கீரையின் வித்துறை மிளகு மாதிரி கெட்டியான சின்ன உருண்டை. அதற்குள் வித்துகள் வருடக்கணக்கில், பல பத்தாண்டுகள்கூட, ஈரத்துக்காகக் காத்துக் கிடக்கும். ஐப்பசியில் வரத்துக்கால் ஓடி உள்வாய் நனைந்த சில நாட்களில் நாலு இதழ் விரித்து முதலில் தலைகாட்டுவது ஆரையாகத்தான் இருக்கும். குளம் வற்றியதும் பறவைகள் பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் குளத்தோடு ஒட்டிக் கிடக்கும் என்று ஔவையார் மூதுரையில் உறவுக்கு இலக்கணம் சொன்னது இந்தச் செடிகளைப் பார்த்துத்தான். தண்ணீரில்லாத காலத்தையும் தாங்கிக் கிடந்து, மழை வந்ததும் பறவையைத் திரும்பக் கூப்பிடுவது அந்த மூன்றும் அவற்றைச் சேர்ந்தவையும்தான். ஜேசிபி கரைக்குக் கரை ஒரே மட்டமாகச் சுரண்டி அந்த மேல் மண்ணை ஏற்றிவிட்டால், அந்த உறவும் லாரியில் ஏறிப் போய்விடுகிறது.

தூர்வாரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்மாய் கொள்ளளவு குறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பதையும், வண்டல் போட்ட வயல் எப்படி விளையும் என்பதையும் உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2017இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியதும், 2024இல் வட்டாட்சியரே அனுமதி கொடுத்து விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுக்கலாம் என்று நடைமுறையை எளிதாக்கியதும் நல்ல காரியங்கள். கேள்வி, எப்படி அள்ளுவது என்பதில்தான். முன்பு கரம்பை மண்ணை மாட்டு வண்டியில் அள்ளினார்கள். ஒரு கோடையில் கண்மாயின் ஒரு மூலையைத் தாண்ட முடியாது. மிச்சம் கிடந்த மண்ணிலிருந்து கிழங்கும் விதையும் அள்ளிய இடத்துக்குத் தண்ணீரோடு பரவின. இயந்திரம் ஒரே வாரத்தில் மொத்தத்தையும் முடித்துவிடுகிறது. விட்டுவைக்க வேண்டியதை நாமாக முடிவு செய்து விட்டால்தான் உண்டு.

ஆகவே, அள்ளுகிற வருடத்தில் உள்வாயில் கால் பங்கையாவது தொடாமல் விடுங்கள். அடுத்த முறை அள்ளும்போது வேறு பங்கை விடலாம். எந்தப் பங்கை விடுவது என்பதை அல்லியும் கோரையும் எங்கே அதிகம் நிற்கின்றன என்று மழைக்காலத்திலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் போய்ப் பார்த்தால் தெரியாது. ஓரங்களைக் கிணறு வெட்டிய மாதிரி செங்குத்தாக வெட்டவிடாதீர்கள். சரிவாக இறங்கும் ஓரத்தில்தான் ஆழத்துக்கு ஏற்றபடி செடிகள் வரிசை பிடிக்கும், கொக்கும் உள்ளானும் இறங்கி நிற்கும். செங்குத்துப் பள்ளத்தால் ஆடு மாட்டுக்கும் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். மடைக்கு முன்னால் சம்பு அடைத்து நின்றால் அதை வெட்டத்தான் வேண்டும். கலுங்குப் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். அவற்றுக்கு அப்பால் நிற்கும் சம்பையும் கோரையையும் விடுங்கள். காற்றுக் காலத்தில் அலை வந்து கரையில் மோதும் வேகத்தைக் குறைப்பதும் அவைதான்.

மீன்பாசி ஏலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குத்தகைக்காரர் பணம் கட்டி எடுக்கிறார், அவர் லாபம் பார்ப்பது நியாயம். ஆனால் புல்கெண்டையைக் கணக்கில்லாமல் விட்டால் அது வேலம்பாசியை மட்டுமல்ல, கைக்கெட்டிய மென்மையான நீர்ச்செடி எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். பாசி போனால் நம் நாட்டு மீன்களுக்கும் இடமில்லை. விரால் செடிப் புதருக்குள்தான் குஞ்சு பொரித்து, தாயும் தந்தையும் கூடவே நின்று காக்கும். பாசி இல்லாத கண்மாயில் வளர்ப்பு மீன் மட்டும்தான் மிஞ்சும், அதையும் வருடா வருடம் காசு கொடுத்து வாங்கி விட வேண்டும். ஏல நிபந்தனையில் ஒரு வரி சேருங்கள்: குறித்த பகுதியில் செடிகளை அகற்றக் கூடாது, புல்கெண்டையை அளவோடுதான் விட வேண்டும்.

எல்லாச் செடியையும் காக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரு வேர் மிச்சமில்லாமல் எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரில் வெயில் இறங்காது, அடியில் பாசி செத்துவிடும், முக்குளிப்பான் முங்கி எழவும் இடமிருக்காது. காட்டாமணக்கை ஆடு தின்றால் நோய் வரும். அது அடைத்த இடத்தில் அல்லி பிழைக்காது. ஆனால் வருடா வருடம் அள்ளிப் போட்டும் ஆகாயத்தாமரை ஏன் திரும்ப வருகிறது என்று யோசியுங்கள். அதன் விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதற்கு மேல், ஊர்ச் சாக்கடை கண்மாயில் இறங்குகிற வரை அதற்கு உரம் தட்டாமல் கிடைத்துக்கொண்டே இருக்கும். நகரை ஒட்டிய கண்மாய்க்காரர்கள் சாக்கடையைத் திருப்பிவிடச் சொல்லி நகராட்சியிடம் கூட்டாகப் போய் நிற்காத வரை, அள்ளும் செலவு வீண்தான்.

சீமைக்கருவேலம் கொஞ்சம் சிக்கலானது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தென் மாவட்டங்களில் அதை வேகமாக வெட்டினோம். அது வேண்டாத மரம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேறு மரமே இல்லாத இடத்தில் கொக்கும் நீர்க்காகமும் அதில்தான் கூடு கட்டியிருக்கும். கூடு இருக்கும் மரத்தை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். பக்கத்தில் நல்ல மரம் வளர்ந்து பறவை இடம் மாறிய பிறகு இதையும் எடுத்துவிடலாம்.

நல்ல மரம் என்று நான் சொல்வது முதலில் நாட்டுக் கருவேலத்தை. வேர் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தாலும் தாங்கும். முள் இருப்பதால் பாம்பும் பூனையும் ஏறத் தயங்கும். கிளை பரந்து கூழைக்கடாவின் கனத்தையும் மஞ்சள் மூக்கு நாரையின் குச்சிக் கூட்டையும் சுமக்கும். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நட்டது பெரும்பாலும் இதைத்தான். விறகுக்கென்று நட்டது, பறவைக்கு வீடானது. இன்று தென் மாவட்டத்துப் பறவைக் கண்மாய்கள் பலவற்றின் கூடுகளை இந்த மரம்தான் தாங்குகிறது. அடுத்தது நீர்க்கடம்பு. வேடந்தாங்கல் ஏரிக்குள் தண்ணீரில் நின்றபடி தலைமுறை தலைமுறையாகக் கூடு தாங்குவது அந்த மரம். நீர்மருதும் புங்கனும் நாவலும் கரையோரத்துக்கு ஏற்றவை. கரைச் சரிவில் பனை நின்றால் தூக்கணாங்குருவி தானாக வந்து, பனையோலையையும் நெல் தாளையும் நார் நாராகக் கிழித்துக் கூடு பின்னும்.

நாரை கூடு கட்டும் மரத்துக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். எச்சம் விழுந்து விழுந்து இலை கருகும், சில வருடங்களில் மரமே பட்டுப்போகும். ஒருமுறை நட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. பழைய மரம் நிற்கும்போதே புதியதை வளர்க்க வேண்டும். வண்டல் அள்ளும்போது மண்ணில் ஒரு பகுதியை உள்வாய்க்குள்ளேயே திட்டாகக் குவித்து, அதன்மேல் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டால் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பத்திரமான இடம் கிடைக்கும். சரணாலயங்களில் வனத்துறை செய்வது இதைத்தான். எப்படியும் ஜேசிபி வந்து நிற்கிறது. கூடுதல் செலவு சொற்பம்.

பறவை தருவதையும் கணக்கில் எடுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் 1798இல் வேடந்தாங்கல் விவசாயிகள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைந்ததை அவர்கள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். இந்தியாவின் பழைய பறவைகள் சரணாலயத்துக்கு அடித்தளம் போட்டது ஆயக்கட்டுக்காரர்கள்தான். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல்தான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஊரார் பறவைகளைத் தங்கள் தெரு மரங்களில் கூடு கட்டவிட்டு, பட்டாசு வெடிக்காமல் பார்த்துக்கொண்டு, எச்சம் ஊறிய குளத்து வண்டலை வயலுக்கு அடித்தார்கள். அறிவிப்பு பிறகுதான் வந்தது.

நம் மாவட்டத்துக்கும் ஒரு சரணாலயம் வேண்டும் என்று நான் இப்போது கேட்கவில்லை. வந்தால் நல்லது. அதற்குள் பார்க்க வேண்டிய வேலை நம் கையிலேயே இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை; இரண்டிலும் சங்கம் கூடித் தீர்மானம் எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துப் பேசுங்கள். மரம் வெட்டும் ஏலம் எதுவானாலும் குஞ்சுகள் பறந்து முடிந்த ஆடி, ஆவணிக்குத் தள்ளிப் போகட்டும். மீன்பாசி ஏல நிபந்தனையில் செடிப் பங்கு எழுத்தில் ஏறட்டும். வண்டல் அனுமதிக்கு மனுக் கொடுக்கும்போதே, தொடாமல் விடும் பகுதியை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டி மனுவோடு இணையுங்கள். ஜேசிபி ஓட்டுபவருக்கு அந்தக் கோடு தெரியும்படி நாலு கொம்பு ஊன்றி, வேலை முடியும் வரை சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே நிற்கட்டும்.